மாயாவியின் ரசிகரா, பிளாஸ்கோவின் ரசிகரா?

1940-களிலும் 50-களிலும் அமெரிக்காவில் டொனால்ட் டக் காமிக்ஸ் வாங்கிய சிறுவர்களுக்கு, அந்தக் கதைகளை எழுதி வரைந்தவர் யார் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. இதழில் அச்சாகும் ஒரே பெயர் வால்ட் டிஸ்னி. ஆனால் அந்த வாத்துகளை வரைந்தவர்கள் பலர். கூர்ந்து படித்த சில வாசகர்கள் இதைத் தாங்களாகவே கண்டுகொண்டார்கள். குறிப்பிட்ட சில கதைகளில் மட்டும் வாத்துகளின் முகபாவங்களில் தனி உயிர் இருந்தது. ஆண்டீஸ் மலையில் நடக்கும் கதை என்றால் அந்த மலையின் குளிரும் மூடுபனியும் பக்கத்தில் தெரிந்தன. சிரிப்புக்கு அடியில் மனிதர்களின் பேராசையும் பிடிவாதமும் ஓடிக்கொண்டிருந்தன. பெயர் தெரியாத அந்த ஓவியருக்கு வாசகர்களே ஒரு பெயர் வைத்தார்கள்: 'நல்ல வாத்து ஓவியர்'. 1960 வாக்கில்தான் அவருடைய உண்மையான பெயர் கார்ல் பார்க்ஸ் என்று ரசிகர்களுக்குத் தெரியவந்தது. அதற்குள் அவர் சுமார் 18 ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். டொனால்டின் பணக்கார மாமாவான ஸ்க்ரூஜை அவர் உருவாக்கியே 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.

காமிக்ஸ் ரசிகர்கள் பாத்திரத்தைப் பின்தொடர்கிறார்களா, படைப்பாளியைப் பின்தொடர்கிறார்களா என்று யாராவது கேட்டால், பார்க்ஸிடமிருந்து தொடங்குவதே நல்லது என்று நினைக்கிறேன். பதிப்பகம் விற்றது பாத்திரத்தை மட்டும்தான். வாசகர்கள் அதை வாங்கிப் போய், உள்ளே ஒரு மனிதர் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

முதலில் இந்த இரண்டு வழிகளும் என்ன என்று பார்த்துவிடுவோம். பாத்திரத்தைப் பின்தொடரும் ரசிகருக்கு பேட்மேன்தான் முக்கியம். எழுதுபவர் மாறினாலும் ஓவியர் மாறினாலும் அவர் பேட்மேன் இதழை வாங்குவார். எந்த வில்லன் எந்த ஆண்டில் வந்தான், உடையின் நிறம் எப்போது மாறியது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. படைப்பாளியைப் பின்தொடரும் ரசிகர் வேறு மாதிரி. அவருக்குப் பிடித்த எழுத்தாளர் பேட்மேனை விட்டுவிட்டு யாரும் அறியாத ஒரு புதுக் கதையை வேறொரு பதிப்பகத்தில் தொடங்கினால், அவரும் பேட்மேனை விட்டுவிட்டு அங்கே போவார். முழுக்க முழுக்க ஒரே பக்கம் நிற்பவர்கள் குறைவு. பெரும்பாலான வாசகர்களுக்குள் இரண்டு ஆசைகளும் இருக்கின்றன.

நாவல் வாசகர்களிடையே இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதாக எழுவதில்லை. நாவலில் பாத்திரமும் ஆசிரியரும் பெரும்பாலும் பிரிவதே இல்லை. அமெரிக்க காமிக்ஸில் மட்டும் ஏன் பிரிந்தார்கள் என்றால், பிரித்தது ரசனை அல்ல, ஒப்பந்தம்.

ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் சூப்பர்மேனை உருவாக்கி, 1938-இல் அதன் எல்லா உரிமைகளையும் 130 டாலருக்குப் பதிப்பகத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அந்த நொடியிலிருந்து சூப்பர்மேன் பதிப்பகத்தின் சொத்து. யாரை வைத்தும் எழுதலாம், யாரை வைத்தும் வரையலாம். உரிமையைத் திரும்பக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனபின் சீகல், ஷஸ்டர் இருவரின் பெயர்களும் இதழ்களிலிருந்தே நீக்கப்பட்டன. சூப்பர்மேன் திரைப்படம் தயாராகிக்கொண்டிருந்த 1975-இல், நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற சக ஓவியர்கள் வெளிப்படையாகக் குரல் கொடுத்த பிறகுதான், இருவருக்கும் ஓய்வூதியமும், இதழ்களில் அவர்களுடைய பெயரும் கிடைத்தன. முப்பதாண்டு காலம் சூப்பர்மேனை நேசித்த குழந்தைகள், அவரைப் படைத்தவர்களின் பெயரை அறியாமலேயே வளர்ந்தார்கள்.

பேட்மேன் விஷயம் இன்னும் வருத்தமானது. 1939-இல் அந்தப் பாத்திரம் பிறந்தபோது பாப் கேன் தன் பெயர் மட்டும் வருமாறு ஒப்பந்தம் செய்துகொண்டார். கதைகளை எழுதியவரும், கோத்தம் நகரத்துக்குப் பெயர் வைத்தவரும், உடையின் வடிவத்தைப் பெருமளவு தீர்மானித்தவரும் பில் ஃபிங்கர். அவர் 1974-இல் இறந்தார். படைத்தவர் என்ற இடத்தில் அவர் பெயரும் முறையாகச் சேர்க்கப்பட்டது 2015-இல். இதைப் படித்துவிட்டு 'எனக்குப் பாத்திரம் போதும், யார் எழுதினால் என்ன' என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆனாலும் இந்த ஏற்பாட்டினால் விளைந்த ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். பாத்திரம் எந்தக் கலைஞருக்கும் தனியாகச் சொந்தமில்லாததால், ஒரே பாத்திரத்தைப் பல தலைமுறைக் கலைஞர்கள் கையாள முடிந்தது. கல்யாணி ராகம் ஒன்றுதான்; பாடுகிறவர் மாறினால் அன்றைய கச்சேரியே மாறிவிடுகிறது. 'பேட்மேன் காமிக்ஸ் நன்றாக இருக்குமா?' என்று ஒருவர் கேட்டால், பழகிய வாசகர் பதிலுக்கு 'யாருடைய பேட்மேன்?' என்றுதான் கேட்பார்.

இதற்கு நல்ல உதாரணம் டேர்டெவில். பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவர் இரவில் முகமூடி அணிந்து குற்றவாளிகளை எதிர்க்கும் கதை. 1964-இல் தொடங்கிய இந்தத் தொடர் 70-களின் இறுதியில் மிகவும் தளர்ந்து, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தது. 1979-இல் ஃபிராங்க் மில்லர் என்ற இளைஞர் அதை வரையத் தொடங்கினார். 1981-இல் எழுதும் பொறுப்பும் அவருக்கு வந்தது. அதே நாயகன், அதே முகமூடி, அதே நியூயார்க். ஆனால் கதை இருண்ட துப்பறியும் கதையாக மாறியது, எலெக்ட்ரா என்ற பெண் வந்தாள், தொடர் மறுபடியும் மாத இதழானது. இன்று டேர்டெவில்லை நேசிப்பதாகச் சொல்லும் பலர் உண்மையில் நேசிப்பது மில்லரும், அவருடைய பென்சில் கோடுகளுக்கு மை தீட்டிய கிளாஸ் ஜான்சனும் உருவாக்கிய டேர்டெவில்லைத்தான். ஒரு படைப்பாளி ஒரு தொடரில் இடைவிடாமல் பணியாற்றிய காலத்தை ரசிகர்கள் 'ரன்' என்பார்கள். 'மில்லர் ரன்' என்று சொல்லும்போது பாத்திரமும் படைப்பாளியும் ஒரே சொற்றொடரில் வந்துவிடுகிறார்கள். நீண்டகால வாசகர்கள் பலர் தங்கள் அலமாரியை அடுக்குவதும் இப்படித்தான்.

அப்படியானால், ஒரு பெரும் படைப்பாளி தன் பாத்திரங்களை விட்டுவிட்டுப் போனால் வாசகர்கள் யாருடன் போவார்கள்? 1970-இல் இந்தக் கேள்வி உண்மையாகவே எழுந்தது.

ஓவியர் ஜாக் கிர்பி 1961 முதல் மார்வெல் பதிப்பகத்தில் எழுத்தாளர் ஸ்டான் லீயுடன் சேர்ந்து ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஹல்க், தோர், எக்ஸ்-மென் ஆகியோரை உருவாக்கியவர். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஜோ சைமனுடன் சேர்ந்து கேப்டன் அமெரிக்காவைப் படைத்தவர். மார்வெல் இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர்களை ஸ்டான் லீ செல்லப் பட்டங்களுடன் அச்சிட்டு வந்ததால், கிர்பியின் பெயர் வாசகர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதே கிர்பி தன் உழைப்புக்கு உரிய மதிப்பும் உரிமையும் கிடைக்கவில்லை என்று மனம் கசந்து, போட்டி நிறுவனமான டி.சி.க்குப் போனார். டி.சி. தன் இதழ்களில் 'கிர்பி வருகிறார்' என்று விளம்பரம் செய்தது. எந்த நாயகன் வருகிறான் என்று அந்த விளம்பரம் சொல்லவில்லை. ஓர் ஓவியரின் பெயரே போதும் என்று ஒரு பெரிய பதிப்பகம் நம்பிய தருணம் அது.

ஆனால் நடந்தது சிக்கலானது. கிர்பி டி.சி.யில் முதலில் எடுத்துக்கொண்டது சூப்பர்மேனின் நண்பன் ஜிம்மி ஓல்சனின் இதழை. அதில் சூப்பர்மேனும் வருவார். கிர்பி வரைந்த சூப்பர்மேன் முகம் 'நம்முடைய சூப்பர்மேன்' போல இல்லை என்று கருதிய நிறுவனம், வேறு ஓவியர்களை வைத்து அந்த முகங்களை மட்டும் திருத்தி வரையச் செய்தது. உடலும் காட்சியும் கிர்பியுடையவை, தலை மட்டும் இன்னொருவருடையது. படைப்பாளியின் பெயரால் இதழை விற்க விரும்பிய அதே நிறுவனம், பாத்திரத்தின் முகத்தை அவரிடம் ஒப்படைக்கத் தயாராக இல்லை. இந்தக் கட்டுரையின் கேள்வி முழுவதும் அந்தப் பக்கங்களில் கண்கூடாக இருக்கிறது என்றே சொல்வேன்.

பிறகு கிர்பி முற்றிலும் தன் கற்பனையில் பிறந்த புதிய தெய்வங்களின் கதையை மூன்று புதுத் தொடர்களில் தொடங்கினார். அவற்றில் இரண்டு 1972-இலேயே நிறுத்தப்பட்டன, மூன்றாவது 1974-இல். அவர் விட்டுவந்த ஃபென்டாஸ்டிக் ஃபோரோ வேறு ஓவியர்களின் கையில் நிற்காமல் தொடர்ந்தது. ஆக, அன்றைய போட்டியில் வென்றது பாத்திரம்தான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தத் தொடர்களுக்காகக் கிர்பி படைத்த டார்க்சைட், பிற்காலத்தில் டி.சி. உலகத்தின் மிகப் பெரிய வில்லன்களில் ஒருவனாக வளர்ந்தான். நிறுத்தப்பட்ட அந்த இதழ்கள் இன்று கெட்டி அட்டைத் தொகுப்புகளாகத் திரும்பத் திரும்ப அச்சாகின்றன. அவற்றை வாங்குபவர்கள் கிர்பியின் பெயரைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

1970-க்குப் பிறகான இருபது ஆண்டுகளில் ஒன்று மாறியது. அது விற்பனை முறை. அதுவரை அமெரிக்காவில் காமிக்ஸ் பெரும்பாலும் செய்தித்தாள் கடைகளிலும் மருந்துக் கடைகளிலும் சுழலும் தாங்கிகளில்தான் கிடைத்தது. போகிற போக்கில் அட்டையைப் பார்த்து எடுக்கும் சிறுவனுக்கு ஸ்பைடர்மேன் தெரியும், உள்ளே யார் வரைந்தார் என்று தெரியாது. விற்காத பிரதிகள் திரும்பிப் போகும். 70-களின் தொடக்கத்தில் ஃபில் சூலிங் என்ற நியூயார்க் விற்பனையாளர், பதிப்பகங்களிடம் நேரடியாக வாங்கி, காமிக்ஸுக்கென்றே இருக்கும் கடைகளுக்கு அனுப்பும் முறையைத் தொடங்கினார். விலையில் தள்ளுபடி அதிகம், ஆனால் விற்காததைத் திருப்ப முடியாது. அதனால் கடைக்காரர் ஒவ்வொரு இதழும் எத்தனை விற்கும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டியிருந்தது. எழுதுபவர் யார், வரைபவர் யார் என்பது அந்தக் கணிப்புக்கு முக்கியமான தகவல். வரப்போகும் இதழ்களின் பட்டியலில் படைப்பாளிகளின் பெயர்கள் இடம்பெற, வாசகர்கள் அந்தப் பெயர்களைச் சொல்லி முன்பதிவு செய்யத் தொடங்கினார்கள்.

1990-இல் டாட் மெக்ஃபார்லேன் எழுதி வரைய, ஸ்பைடர்மேனுக்கு ஒரு புதுத் தொடர் வந்தது. முதல் இதழே இருபது லட்சம் பிரதிகளைத் தாண்டியது. மறு ஆண்டு கிறிஸ் கிளேர்மான்ட் எழுத, ஜிம் லீ வரைந்த எக்ஸ்-மென் முதல் இதழ் எண்பது லட்சத்தை எட்டியது. பிற்காலத்தில் விலை ஏறும் என்று நம்பி ஒருவரே பல பிரதிகள் வாங்கிய காலம் அது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இவ்வளவு விற்ற பாத்திரங்களில் அந்தக் கலைஞர்களுக்கு உரிமை எதுவும் இல்லை. 1992-இல் மெக்ஃபார்லேன், லீ உள்பட ஏழு ஓவியர்கள் மார்வெலை விட்டு வெளியேறி இமேஜ் காமிக்ஸைத் தொடங்கினார்கள். படைத்தவருக்கே பாத்திரம் சொந்தம் என்பது அங்கே விதி. மெக்ஃபார்லேனின் 'ஸ்பான்' முதல் இதழ் சுமார் பதினேழு லட்சம் பிரதிகள் விற்றது. அதுவரை யாரும் பார்த்திராத நாயகன் அவன். இந்த முறை வாசகர்கள் படைப்பாளியுடன் நடந்தார்கள்.

உரிமை படைத்தவரிடம் இருப்பதன் பயன் விற்பனையில் மட்டுமல்ல, முடிவிலும் தெரியும். ராபர்ட் கிர்க்மன் தன் 'வாக்கிங் டெட்' தொடரை 2019-இல் 193-ஆம் இதழுடன் முன்னறிவிப்பே இல்லாமல் முடித்தார். விற்றுக்கொண்டிருந்த தொடர் அது. நிறுவனத்துக்குச் சொந்தமான ஒரு பாத்திரத்துக்கு அப்படி ஒரு முடிவை எழுதும் அதிகாரம் எந்த எழுத்தாளருக்கும் கிடைக்காது.

அமெரிக்காவை விட்டு வெளியே வந்தால் படம் வேறாகிறது. பெல்ஜியத்தின் இரண்டு சாகச நாயகர்களை எடுத்துக்கொள்வோம். டின்டின் முழுக்க எர்ஜேயின் படைப்பு. தனக்குப் பிறகு யாரும் தொடரக் கூடாது என்பது அவர் விருப்பம். 1983-இல் அவர் மறைந்ததோடு டின்டினின் புதிய சாகசங்களும் நின்றன. ஸ்பிரூவை 1938-இல் படைத்த ராப்-வெல் சில ஆண்டுகளில் உரிமையை ட்யூபுய் பதிப்பகத்துக்கு விற்றுவிட்டார். அதனால் ஸ்பிரூவைப் பலர் வரைந்திருக்கிறார்கள், இன்றும் வரைகிறார்கள். அவர்களில் 1946 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் வரைந்த ஆந்த்ரே ஃபிரான்கேனின் காலத்தைத்தான் வாசகர்கள் பொற்காலமாகக் கருதுகிறார்கள். டின்டின் ரசிகர் தான் எர்ஜேயின் ரசிகரா என்று தன்னையே கேட்டுக்கொள்ளத் தேவையில்லை. ஸ்பிரூ ரசிகரோ தனக்குப் பிடித்த ஓவியர் யார் என்று சொல்லியே ஆக வேண்டும்.

ஜப்பானிய காமிக்ஸான மாங்காவிலும் பெரும்பாலும் டின்டின் வழிதான். தொடரைப் படைத்தவரே அதை இறுதிவரை நடத்துவார், உதவியாளர்கள் அவருக்குக் கீழே பணிபுரிவார்கள். ஆகவே கென்டாரோ மியுரா 2021 மே மாதம் தன் 'பெர்செர்க்' கதை முடியாமலேயே இறந்தபோது, வாசகர்கள் உலகெங்கும் அதிர்ந்தார்கள். கதையின் முடிவை அவர் வாயாலேயே கேட்டிருந்த நண்பரும் மாங்கா ஓவியருமான கோஜி மோரியின் மேற்பார்வையில், மியுராவின் உதவியாளர்களே 2022-இல் கதையைத் தொடர்ந்தார்கள். முப்பதாண்டுகளாகப் பின்தொடர்ந்த நாயகன் என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ளும் ஆசை ஒரு பக்கம், அந்தக் கை வரையாத பக்கம் பெர்செர்க் ஆகுமா என்ற தயக்கம் மறுபக்கம். இரண்டுமே நியாயமானவை.

தமிழ் வாசகர்கள் எங்கே நிற்கிறார்கள்? நாம் நெடுங்காலம் நாயகர்களின் ரசிகர்களாகவே இருந்தோம். அதற்குக் காரணம் உண்டு. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யைக் கொண்டுவந்தது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த நாயகன், ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டான். அவன் பிறந்தது 1962-இல் லண்டன் வார இதழான 'வேலியன்ட்'டில். முதலில் எழுதியவர் கென் பல்மர், பிறகு டாம் டல்லி. வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர். ஆனால் அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வார இதழ்களில் படைப்பாளிகளின் பெயர்களைப் போடும் வழக்கம் இல்லை. மூலத்திலேயே இல்லாத பெயர் தமிழ் வாசகருக்கு எப்படித் தெரியும்? கறுப்பு வெள்ளையில் நிழலும் வெளிச்சமும் அப்படி விளையாடும் அந்தப் பக்கங்களில் சொக்கிப்போன சிறுவர்கள், தாங்கள் பிளாஸ்கோவின் ரசிகர்களாகவும் ஆகிவிட்டதை அறியவில்லை.

கேப்டன் டைகரின் கதை இதைவிடச் சுவையானது. பிரெஞ்சு மொழியில் புளூபெரி என்ற பெயரில் 1963-இல் பிறந்த இந்த நாயகனை எழுதியவர் ழான்-மிஷெல் ஷார்லியே, வரைந்தவர் ழான் ஜிரோ. அதே ஜிரோதான் 'மோபியஸ்' என்ற புனைபெயரில் விஞ்ஞானக் கற்பனை உலகங்களை வரைந்து, உலகெங்கும் ஓவியர்களையும் திரைப்படக் கலைஞர்களையும் பாதித்தவர். புழுதி பறக்கும் பாலைவனத்தில் டைகரின் குதிரையை வரைந்த கையும், வசனமே இல்லாமல் பறவை மேல் பறக்கும் 'ஆர்சாக்'கை வரைந்த கையும் ஒன்றே. டைகரின் 'தங்கக் கல்லறை' கதையைப் படித்து மயங்கிய ஒருவர் மோபியஸைத் தேடிப் போனால், தன்னை மயக்கியதில் கௌபாய் சாகசத்தின் பங்கு எவ்வளவு, அந்தக் கோடுகளின் பங்கு எவ்வளவு என்று அவருக்கே விளங்கிவிடும்.

தமிழில் மிகப் பெரிய ரசிகர் கூட்டம் உள்ள டெக்ஸ் வில்லர் ஒரு நடு வழியைக் காட்டுகிறார். 1948-இல் ஜான் லூயிஜி பொனெல்லி எழுத, அவுரேலியோ கலெப்பினி வரைய, இத்தாலியில் தொடங்கிய தொடர் அது. நாயகனின் பெயராலேயே விற்கும் தொடர்தான். ஆனால் 1988 முதல் அதன் பதிப்பகம் பெரிய அளவில் ஒரு சிறப்பிதழ் வரிசையை நடத்துகிறது. ஒவ்வொன்றையும் ஒரு புகழ்பெற்ற ஓவியர் தன் பாணியில் வரைவார். அமெரிக்காவின் ஜோ குபெர்ட்டும் ஒன்றை வரைந்திருக்கிறார். மாக்னஸ் என்ற இத்தாலிய ஓவியர் தன் இதழை ஏழு ஆண்டுகள் ஒவ்வொரு கல்லையும் ஒவ்வோர் இலையையும் தனித்தனியே வரைந்து முடித்தார். அது வெளியான 1996-ஆம் ஆண்டிலேயே காலமானார். அந்த இதழை டெக்ஸ் ரசிகரும் வாங்குவார், டெக்ஸைப் பற்றி எதுவும் தெரியாத மாக்னஸ் ரசிகரும் வாங்குவார்.

புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் நாயகனிடமிருந்தே தொடங்கலாம், அதில் குறைவொன்றும் இல்லை. ஒரு கதை மிகவும் பிடித்துவிட்டால் மட்டும் முதல் பக்கத்துக்குத் திரும்பி எழுதியவர், வரைந்தவர், வண்ணம் தீட்டியவர் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து அதே நாயகனின் இன்னொரு கதையையும், அதே படைப்பாளியின் இன்னொரு நாயகனையும் படியுங்கள். எது உங்களை அதிகம் இழுக்கிறது என்பது இரண்டு மூன்று புத்தகங்களிலேயே தெரிந்துவிடும். இதைச் சோதித்துப் பார்க்கத் தமிழில் 'இரத்தப் படலம்' என்ற பெயரில் வந்திருக்கும் பதின்மூன்றாம் எண் மனிதனின் கதையைப் பரிந்துரைப்பேன். அதன் முதல் பத்தொன்பது ஆல்பங்களை (தனிப் புத்தகங்களை) எழுதியவர் ழான் வான் ஹாம். வரைந்தவர் வில்லியம் வான்ஸ், ஆனால் 2007-இல் வந்த பதினெட்டாம் ஆல்பத்தை மட்டும் வரைந்தவர் ழான் ஜிரோ. எழுத்தாளரும் நாயகனும் மாறாமல் ஓவியர் மட்டும் மாறும் அந்த ஓர் ஆல்பத்தை, அதற்கு முந்தையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.